ஒழுக்கமான திருகுகள்

சாவு வீட்டில்கூட இவ்வளவு அடக்கமாக யாரும் நிற்க மாட்டார்கள். தலைவர் தன் கார் கொட்டகையின் நடுவே கைகளைக் கட்டி, தலையைக் கவிழ்த்து நின்றார். அவர் முன்னால் கிடந்தது பிணமல்ல, ஒரு கார். அந்தக் காரிலும் உயிர் போன இடம் என்று அவர் விரல் நீட்டிக் காட்டியது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி. இடது பக்கப் பின்விளக்கின் மூடி.

"இது அது இல்ல," என்றார் தலைவர்.

"எது எது இல்லங்க சார்?" என்று கேட்டான் சின்னவன்.

அண்ணி அவன் காலை மிதித்தாள்.

அண்ணி ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளை முகர்ந்து பிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள். எரியாத கடைக்கும் சாகாத மாட்டுக்கும் பணம் கேட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனித குலத்தின் மேல் மரியாதை போன பிறகு, வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் திறந்தாள். சின்னவன் அவள் கணவனின் தம்பி. மூன்றாவது வேலையும் போன பிறகு 'தற்காலிகமாக' அவளிடம் உதவிக்கு வந்தான். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது தாடியே நரைக்க ஆரம்பித்துவிட்டது.

தலைவர் என்றால் பழைய கார் சங்கத்தின் தலைவர். நாற்பது பேர் சேர்ந்து ஓடாத கார்களைப் பற்றி ஓயாமல் பேசுவதற்கு வைத்துக்கொண்ட ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். தலைவர் தலையில் காரோட்டும் தொப்பி. கையில் வெண்ணெய் நிறத் தோல் கையுறை, விரல் நுனிவரை ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல். அவருடைய இரண்டு கதவுக் கார் அவருக்கு மூத்தது. வாசல் கேட்டைத் தாண்டுவது அதற்கு வெளிநாட்டுப் பயணம்.

"ஒரிஜினல் கண்ணாடில கீழ் ஓரத்துல கம்பெனி முத்திரை இருக்கும்மா. எறும்பு சைஸ்ல. இதுல இல்ல. இது டூப்ளிகேட்," என்றார் தலைவர். "கார் இந்த வாரம் பூரா மெக்கானிக் ஷெட்ல இருந்தது, பிரேக் வேலைக்கு. காலைலதான் வந்துது. சாயங்காலம் போட்டி. வெளியூர்லேர்ந்து நடுவர் வர்றார். எல்லாம் ஒரிஜினலா இருக்கற காருக்குத்தான் கோப்பை. என் நிலைமைய யோசிச்சுப் பாருங்க."

"கண்டுபிடிச்சது நான்," என்று சுவரோரத்திலிருந்து குரல் கொடுத்தார் சங்கச் செயலாளர். கழுத்தில் கயிறு கட்டிப் பூதக்கண்ணாடி தொங்கியது. பக்கத்து வீட்டில் கோழி காணாமல் போனால்கூட அந்தக் கண்ணாடியோடு முதலில் போய் நிற்கிறவர். அவருக்கும் கோப்பையில் கண். அவருக்கும் ஒரு கார். "காலைல வண்டி வந்து நின்னதும் குனிஞ்சு பாத்தேன். திருட்டுன்னு அப்பவே சொல்லிட்டேன். சாயங்காலக் கூட்டத்துல தீர்மானம் தயார். இனிமே சங்கத்து ஆள் எவனும் அந்த மெக்கானிக்கிட்ட வண்டி விடக் கூடாது."

விஷயம் அங்கேதான் இருந்தது. கோப்பை யாருக்குப் போனாலும் அதைத் துடைத்து வைக்க ஒரு அலமாரிதான் வேண்டும். ஆனால் தீர்மானம் நிறைவேறினால் மெக்கானிக்கின் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். அவர் கைக்குப் பழகியது பழைய வண்டி மட்டும், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சங்கத்து ஆட்கள். காலையில் அண்ணியின் முன்னறைக்கு வந்து உட்கார்ந்த மெக்கானிக்கின் மனைவி அழவில்லை. பல்லைக் கடித்தபடி ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கு வாய் பெருசு மேடம். கை சுத்தம்."

தலைவர் விசாரணைக்குச் சம்மதித்ததும் நியாயத்துக்காக இல்லை. சங்கத்தின் சரித்திரத்தில் முதல் துப்பறிதல் தன் கொட்டகையில் நடப்பதில் அவருக்கு ஒரு பெருமை.

அண்ணி சேலையைச் சுருட்டிக்கொண்டு காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை நாலு ஸ்க்ரூக்கள் பிடித்திருந்தன. நாலின் தலைக்கோடுகளும் அளவெடுத்தாற்போல் செங்குத்தாக நின்றன.

"இந்தக் காரோட ஒரு ஸ்க்ரூவக்கூட நான் வேற யாரையும் தொட விட்டதில்லம்மா," என்று தலைவர் தொடங்கினார். சின்னவனுக்குக் கொட்டாவி வந்தது. "எல்லாம் என் கை. பிரேக் மட்டும் உயிர் விஷயம்னு வெளில குடுத்தேன். பாருங்க, வண்டி முழுக்க எல்லா ஸ்க்ரூவும் நேரா நிக்கும். மழைத் தண்ணி வழிஞ்சு போயிடும், அழுக்கு தங்காது. இதுக்குப் பேர் ஒழுக்கம்."

"படுக்கவாட்டுல வெச்சாதான் கண்ணுக்கு அழகு," என்றார் செயலாளர் பட்டென்று.

"அழுக்கு தங்கும்."

"தொடைக்கறவனுக்குத் தங்காது."

சங்கம் இரண்டாகப் பிளந்திருப்பது இந்தக் கோட்டின் வழியாகத்தான் என்று சின்னவனுக்கு அப்போதுதான் புரிந்தது. நிற்கிற கட்சி, படுக்கிற கட்சி. போன ஆண்டு விழாவில் இரண்டு கட்சியும் தனித்தனிப் பந்தியில் சாப்பிட்டார்களாம்.

"அந்தத் திருடனோட கைவேலயப் பாக்கணுமா? இதோ," என்று தலைவர் நம்பர் பிளேட்டைக் காட்டினார். "பிளேட் மேல இருக்கற பல்பு போயிடுச்சுன்னு மாத்தினானாம். மாட்டின லட்சணத்தப் பாருங்க. ஒரு ஸ்க்ரூ கிழக்க பாக்குது, ஒண்ணு மேற்க பாக்குது. வளர்ப்பு அப்படி."

அண்ணி நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். ஒரு சாண் தள்ளியிருந்த பின்விளக்கைப் பார்த்தாள். மறுபடி நம்பர் பிளேட்டைப் பார்த்தாள்.

"காலைல வண்டி வந்தப்புறம் நீங்க எதையும் நிமித்தி வெக்கலயே?"

"சாட்சியம்மா இது! விரல்கூடப் படல."

"நல்லது. அப்படியே இருக்கட்டும்."

கொட்டகை வாசலில் தலைவரின் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள். உயரமான பெண்மணி, முகத்தில் நிரந்தரமான அரைத் தூக்கம். "துக்கம் விசாரிக்க வந்தவங்க தண்ணியாவது குடிங்க," என்றாள். தலைவர் திரும்பிப் பார்த்ததும், "நான் உள்ள வரலீங்க. காத்து பட்டா பெயின்ட் கெட்டுடுமே," என்று சொம்பைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மெக்கானிக்குக்கு ஊரில் டாக்டர் என்று பெயர். வைத்தது ஊர் இல்லை, அவரே. ஷெட்டில் அவர் உடுத்தியிருந்தது வெள்ளைக் கோட்டு, அல்லது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஒன்று. கழுத்தில் நிஜமான ஸ்டெதாஸ்கோப். அதை ஒரு என்ஜின் மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாடி எப்படி இருக்கு டாக்டர்?" என்றான் சின்னவன்.

"சத்தம் போடாதீங்க. பேஷண்ட் தூங்கறார்." கண்ணைத் திறந்தார். "நீங்கதானா துப்பறியறவங்க? எழுதிக்கோங்க. இந்த ஊர்ல என் அளவுக்கு இந்த வண்டிங்களத் தெரிஞ்சவன் கிடையாது. பக்கத்து ஊர்லயும் கிடையாது. தலைவரோட வண்டில பிரேக் பாத்தேன், ஒரு பல்பு போட்டேன். அந்தக் கண்ணாடிய நான் எதுக்குத் தொடணும்? வித்தா மூணு நாள் தலைப்பு செய்தி. சங்கத்துல இருக்கற எல்லாப் பயலுக்கும் அது யார் வண்டிக் கண்ணாடின்னு தெரியும். தன் பல்லவிட அதத்தான் நல்லா அடையாளம் காட்டுவானுங்க."

"ஸ்க்ரூவ நேரா வெக்கற வழக்கம் உங்களுக்கு உண்டா?" என்று கேட்டாள் அண்ணி.

டாக்டரின் முகத்தில் அருவருப்பு ஏறியது. "முழுசா முறுக்கினா ஸ்க்ரூ எங்க நிக்குதோ அங்கதான் நிக்கும். அழகுக்காக நேரா நிமித்தணும்னா ஒண்ணு தளர்த்தணும், இல்ல இன்னும் இறுக்கணும். தளர்ந்தா வழில விழும், இறுக்கினா கண்ணாடி விரிசல் விடும். ஸ்க்ரூவுக்குத் திசை பாக்கறவன் கார் வெச்சுக்கக் கூடாதும்மா, காம்பஸ் வெச்சுக்கணும்."

சின்னவன் ஷெட்டில் இருந்த மற்ற வண்டிகளைச் சுற்றி வந்தான். டாக்டர் கை பட்ட இடமெல்லாம் ஸ்க்ரூக்கள் சந்தையில் தொலைந்த குழந்தைகளைப் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

வெளியே டாக்டரின் மனைவி காத்திருந்தாள். "மேடம், இவர் சாயங்காலம் கூட்டத்துல வாயத் தொறந்தா தீர்மானம் ரெண்டு தடவ நிறைவேறிடும். நீங்களே பேசிடுங்க," என்றாள். அவள் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

ஸ்கூட்டரை ஓட்டியது அண்ணி. பின்னால் உட்கார்ந்து உலக ஞானம் வழங்கியது சின்னவன்.

"கேஸ் முடிஞ்சுது அண்ணி. செயலாளர்தான். கோப்பை வேணும், பூதக்கண்ணாடி இருக்கு, முதல்ல கண்டுபிடிச்சதும் அவரே. தானே வெச்சுத் தானே எடுக்கற வித்தை."

"செயலாளர் எந்தக் கட்சி?"

"படுக்கிற கட்சி."

"கண்ணாடில ஸ்க்ரூ எப்படி இருந்துது?"

சின்னவன் காற்றில் விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தான். பிறகு, "நின்னுது," என்றான். "ஆனா மாட்டிக்கக் கூடாதுன்னு வேணும்னே நேரா வெச்சிருப்பார்."

"அந்த ஆள் செத்தாலும் ஸ்க்ரூவ நேரா வெக்க மாட்டார். கொள்கை இல்லாதவன் திருடுவான் தம்பி. கொள்கையே தேவையில்லாத விஷயத்துக்குக் கொள்கை வெச்சிருக்கறவன் அத விட மாட்டான். மூணு கை இருக்கு. ஒண்ணு படுக்க வெக்கும், ஒண்ணு தாறுமாறா விடும், ஒண்ணு நிக்க வெக்கும். கண்ணாடிய மாட்டினது மூணாவது கை."

"அப்ப தலைவர் வீட்டுக் கையா? தன் கண்ணாடியத் தானே திருடிக்கறதுக்கு அவருக்கென்ன பைத்தியமா?"

"திருடினாங்கன்னு யார் சொன்னது? மாட்டினாங்க. அவ்வளவுதான் தெரியும். டூப்ளிகேட் எங்கேர்ந்து வந்துதுன்னு பாப்போம்."

பழைய கார்களுக்கு சாமான் விற்கிறவனுக்குப் புதையல் என்று பட்டப்பெயர். நகரத்தின் பின்புறத்தில் தகரக் கூரை போட்ட குடோன். உள்ளே ஸ்டியரிங் சக்கரங்களும் கதவுக் கைப்பிடிகளும் ஹாரன்களும் கூரை வரை அடுக்கியிருந்தன. புதையல் எதையும் விற்பதாகச் சொல்வதில்லை. 'பிரிகிறேன்' என்பான்.

"அந்த மாடலுக்கு இடது பேக் லைட் கண்ணாடியா?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு இருக்கு மேடம். ஒண்ணே ஒண்ணு. உலகத்துலயே கடைசி பீஸ். அந்தக் காலத்துல கம்பெனிலேர்ந்து வந்தது, உறை பிரிக்காதது. என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இதப் பிரியாம வெச்சிருந்தேன்."

உள்ளே போய், ஒரு பட்டுத் துணியில் சுற்றி, இரு கையாலும் ஏந்தி வந்தான். அதற்குள் சின்னவன் களைப்பாக இருக்கிறது என்று ஓரத்தில் இருந்த ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பெட்டி அவனைத் தாங்கவில்லை. மூடி கிழிந்து அவன் இடுப்பு வரை உள்ளே இறங்க, சுற்றிலும் சிவப்பாகக் கலகலவென்று சரிந்தது.

"அண்ணி," என்றான் உள்ளிருந்தபடியே, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து. "கடைசி பீஸோட அண்ணன் தம்பிங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. எல்லாருக்கும் முகத்துல ஒரே மாதிரி அழுக்கு. அழுக்கு இன்னும் காயக்கூட இல்ல."

புதையல் பட்டுத் துணியை மெதுவாக மடித்தான்.

"இந்தப் பெட்டிய அப்படியே ஆட்டோவுல ஏத்தி சாயங்காலம் சங்கத்துக்குக் கொண்டு போனா எப்படி இருக்கும்?" என்றாள் அண்ணி.

"மேடம், மேடம். உக்காருங்க. அந்தப் பெட்டி மேல வேணாம். என்ன தெரியணும்?"

"இடது கண்ணாடி கடைசியா யாருக்குப் பிரிஞ்சீங்க?"

"போன மாசம் ஒரு பார்ட்டி." புதையல் குரலைத் தாழ்த்தினான். சொல்லும்போதே அந்த அவமானம் இன்னும் ஆறாதது தெரிந்தது. "நான் கடைசி பீஸ்னு ஆரம்பிச்சேன். 'கதையெல்லாம் வேணாம், டூப்ளிகேட்டே குடுங்க, டூப்ளிகேட் விலைக்குக் குடுங்க'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஒரே ஆள். கம்பெனி முத்திர அச்சு இருக்கு, அடிச்சுத் தரேன்னேன். 'அந்தத் திருட்டுத்தனம் வேணாம், வெளக்கு எரிஞ்சா போதும்'னுட்டாங்க. இருபது வருஷத் தொழில்ல இப்படி ஒரு மட்டமான வாடிக்கையாளர நான் பாத்ததில்ல."

"யார்?"

"பேர் மட்டும் கேக்காதீங்க. நாளைக்கும் அந்த வீட்டுக்கு சாமான் குடுத்தாகணும்."

"போன மாசம். கார் ஷெட்டுக்குப் போனது இந்த வாரம்," என்றாள் அண்ணி. "இத வந்து கூட்டத்துல சொல்லுவீங்களா?"

"எத? நான் டூப்ளிகேட் விக்கறேன்னா? உங்க ரெண்டு பேரையும் இதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்லன்னு சத்தியம் பண்ணுவேன் மேடம்."

கூட்டத்துக்குப் போகும் வழியில் அண்ணி மறுபடி தலைவர் வீட்டின் முன் வண்டியை நிறுத்தினாள். தலைவர் காரோடு கிளம்பிவிட்டிருந்தார். அண்ணி சின்னவனிடம் கேட்டின் தூண்களைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனாள்.

சின்னவன் பார்த்தான். இடது பக்கத் தூணில், முழங்கால் உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்த ஒரு வடு. பெயர்ந்த இடுக்கில் சிவப்பாக ஒரு சில்லு. நகத்தால் நெம்பி எடுத்தபோது அதன் ஓரத்தில் எறும்பு அளவுக்கு எழுத்து மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

அவன் வெற்றி வீரனாகக் கொல்லைப்புறம் ஓடினான். அங்கே அண்ணியும் தலைவரின் மனைவியும் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அது நின்ற விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி! ரிவர்ஸ் எடுக்கறப்போ தலைவரே தூண்ல இடிச்சு ஒடைச்சிருக்கார். ஒடைஞ்சத மறைக்க டூப்ளிகேட் வாங்கி மாட்டிட்டார். செயலாளர் கண்டுபிடிச்சதும் டாக்டர் தலைல போட்டுட்டார்!"

"முக்கால்வாசி சரி," என்றாள் அண்ணி, எழுந்துகொண்டே. "சில்ல பையில போடு."

மீதிக் கால்வாசி என்ன என்று கேட்டதற்கு, "அத அவரே சொல்லட்டும்னு ஒரு வாய்ப்பு குடுக்கப் போறோம்," என்றாள். அதை அவள் சொன்னது தலைவரின் மனைவியைப் பார்த்து.

சங்கக் கட்டடத்தின் முற்றத்தில் கார்கள் பளபளவென்று வரிசையில் நின்றன. சங்கத்தார் அவற்றின் பக்கத்தில் அதைவிடப் பளபளவென்று நின்றார்கள். தொப்பிகள், கையுறைகள், கழுத்துத் துண்டுகள். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம் தான் ஒரு கார்பரேட்டரைத் தனியாளாகப் பிரித்துக் கோர்த்த வீர காவியத்தைச் சொல்ல, அவர் கேட்காமல் தன் காவியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வெளியூர் நடுவர் ஒல்லியான மனிதர். மேல்பையில் ஒரு திருப்புளியைச் செருகிக்கொண்டு, எதையும் பாராட்டாமல் வரிசையில் நடந்தார்.

ஓரத்தில் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு நின்றார். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் அவர் மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். "நம்பிக்கைத் துரோகம்" என்று வந்த இடத்தில் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். "ஆதரிக்கறவங்க..." என்று அவர் தொடங்கியபோது அண்ணி முன்னால் வந்தாள்.

"ஒரு சின்ன சந்தேகம். தலைவர் வண்டியோட பின்பக்கத்த எல்லாரும் ஒரு தடவ பாருங்க. நம்பர் பிளேட் ஸ்க்ரூவ டாக்டர் போட்டார்னு தலைவரே சொன்னார். எப்படி இருக்கு?"

"கண்றாவியா இருக்கு," என்றது கூட்டம், நிற்கிற கட்சியும் படுக்கிற கட்சியும் ஒன்றாக.

"பின்விளக்குக் கண்ணாடியோட ஸ்க்ரூ?"

"நேரா."

"ஊரறிய வேலை செஞ்ச இடத்துல தாறுமாறு, திருட்டுத்தனமா மாத்தின இடத்துல மட்டும் ஒழுக்கமா? திருடன் அவசரத்துல இருப்பானா, நின்னு நிதானமா ஸ்க்ரூவ நிமித்திட்டு இருப்பானா? இந்தக் கண்ணாடிய மாட்டினது ஸ்க்ரூவ நேரா வெக்காம தூக்கம் வராத ஒரு வீட்டுல." சின்னவனைப் பார்த்துக் கை நீட்டினாள். அவன் சில்லை எடுத்துக் கொடுத்தான். "ஒடைஞ்ச ஒரிஜினலோட துண்டு. தலைவர் வீட்டு கேட் தூண்ல இருந்துது."

செயலாளரின் பூதக்கண்ணாடி அனிச்சையாகச் சில்லின் மேல் பாய்ந்தது. "முத்திர!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் அது யாருக்கு உதவி என்று யோசித்தார்.

தலைவரின் முகம் அவர் வண்டியின் வெள்ளைச் சக்கரப் பட்டை மாதிரி ஆனது. "தூண்ல இருந்தா? யாரோ வெச்சிருக்கலாம்."

"வெச்சிருக்கலாம். ஆனா ஒண்ணு. உங்க வண்டில ஒரு ஸ்க்ரூவக்கூட நீங்க வேற யாரையும் தொட விட்டதில்ல. எல்லாம் உங்க கை. அப்படித்தானே சொன்னீங்க?" அண்ணியின் குரல் தேன் மாதிரி இருந்தது. "அப்ப இதையும் மாட்டினது நீங்கதான். இல்ல நான் மாட்டலன்னு சொன்னீங்கன்னா, இத்தன வருஷமா உங்க வண்டிய வேற யாரோ பாத்துக்கறாங்கன்னு ஆகுது. ரெண்டுல எது சார்?"

தலைவர் மனதில் தராசு ஆடுவதைச் சின்னவன் கண்ணாலேயே பார்த்தான். பொய்யன் என்ற பட்டத்தை அடுத்த மாதக் கூட்டத்துக்குள் மறந்துவிடுவார்கள். திருப்புளி பிடிக்கத் தெரியாதவன் என்ற பட்டம் சங்கம் இருக்கும்வரை நிற்கும்.

தலைவர் தொப்பியைச் சரிசெய்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான் மாட்டினேன்," என்றார். "என் கையாலயே."

"கையாலயேவா?" என்றார் ஒருவர், மூச்சை இழுத்து. "அதுவும் இவ்வளவு சுத்தமா!" என்றார் இன்னொருவர். யாரோ கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள். சின்னவன் அப்படியே வாயைப் பிளந்தான். ஒருவனைத் திருடனாக்கப் பார்த்த மனிதனைச் சுற்றி, எந்த ஸ்க்ரூவுக்கு எந்தத் திருப்புளி என்று ஆலோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

டாக்டரின் மனைவியின் குரல் அந்தக் கைதட்டலைக் கிழித்தது. "அப்ப எங்க வீட்டுக்காரர் திருடன் இல்லல்ல? அத யாராச்சும் வாய் விட்டுச் சொல்லுங்களேன்!"

செயலாளர் தீர்மானத் தாளை மடித்தார், பிரித்தார். "தீர்மானம் வாசிச்சாச்சு. வாசிச்சத எடுக்க விதில இடமில்ல. அடுத்த கூட்டத்துல பரிசீலிக்கலாம்."

"அதுவரைக்கும் ஷெட்ல யார் வண்டி விடுவான்?"

ஆளாளுக்குத் தங்கள் வண்டியின் பானெட்டில் இல்லாத தூசியைத் துடைத்தார்கள்.

அப்போதுதான் நடுவர் முதல்முறையாக வாய் திறந்தார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு. உள்பக்கம் துரு இருக்கான்னு பாக்கணும். கழட்டுங்க சார்." மேல்பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் திருப்புளியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தார். குனிந்தார். முதல் ஸ்க்ரூவில் வைத்தார். முழு பலத்தையும் கொடுத்துத் திருகினார், இறுகுகிற பக்கமாக. ஸ்க்ரூ நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருகினார்.

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். சிவப்புக் கண்ணாடியின் குறுக்கே மயிரிழை விரிசல் ஒன்று ஓடியது.

"குடுங்க இப்படி."

தலைவரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகத்திலிருந்த அரைத் தூக்கத்தைக் காணோம். கணவன் கையிலிருந்து திருப்புளியை, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் வாங்கினாள். "இன்னொண்ணு வாங்க அந்த ஆள்கிட்ட என்னால போக முடியாது. ஒரு கண்ணாடிக்கு ஒன்பது கதை சொல்லுவான்." மணிக்கட்டை நாலு தரம் அசைத்தாள். நாலு ஸ்க்ரூக்களும் அவள் உள்ளங்கையில் விழுந்தன. கண்ணாடியைக் கழற்றி நடுவரிடம் கொடுத்தாள். "துரு இல்ல. போன மாசம்தான் தேய்ச்சு பெயின்ட் வெச்சேன்."

"நீங்களா?" என்றார் நடுவர்.

"பின்ன? இவர் மத்தியானம் தூங்கற நேரம் எனக்குப் பட்டறை நேரம். கிளட்ச் கேபிள், கார்பரேட்டர், ஆயில், எல்லாம். பிரேக் மட்டும்தான் ஊருக்குத் தெரியாம செய்ய முடியாது, சக்கரத்தக் கழட்டினா சத்தம் வரும்."

"ஸ்க்ரூவ நேரா வெக்கறது?" என்று கேட்டுவிட்டான் சின்னவன். அவனால் அடக்க முடியவில்லை.

"நேரா வெக்கலன்னா அரை நாள் பேசுவார். அதக் கேக்கறதுக்கு நேரா வெக்கறது சுலபம் தம்பி." டாக்டரின் மனைவி பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "தூண்ல இடிச்சு ஒடைச்சது நீங்கதான்னு காலைலயே உண்மையச் சொல்லிடுங்க, அடுத்தவன் தலைல போடாதீங்கன்னு இவர்கிட்ட சொன்னேன். மானம் போயிடும்னார். நான் நேரா உங்க வீட்டுக்கு வந்திருக்கணும். வராதது என் தப்புதான்."

டாக்டரின் மனைவி அவளையே பார்த்தாள். "இப்ப வந்துட்டீங்களே," என்றாள்.

தலைவர் தன் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவை யாருடையவை என்று யோசிப்பவர்போல.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?" என்று சின்னவன் கிசுகிசுத்தான்.

"தண்ணி வெச்சப்போ அந்தம்மா நகத்தப் பாத்தேன். கிரீஸ். அப்புறம் இவர் கையுறையப் பாத்தேன். வேற என்ன வேணும்?"

நடுவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருப்புளியை வாங்கிக்கொண்டார். அதன் நுனியைத் துடைத்தார். அடுத்த வண்டியைப் பார்த்தார். அது செயலாளருடையது.

"உங்க வண்டிலயும் உள்பக்கம் பாத்துடலாம் சார்," என்று திருப்புளியை நீட்டினார். "நீங்களே கழட்டுவீங்க இல்ல?"

செயலாளரின் வலது கை கால்சட்டைப் பைக்குள் போயிற்று. அதைப் பார்த்த அடுத்தவரின் இரண்டு கையும் போயின. வரிசை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, காற்றில் கதவுகள் சாத்திக்கொள்வதுபோல் கைகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் ஒளிந்தன. பை இல்லாதவர்கள் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நாற்பது வண்டிகள் நின்ற முற்றத்தில் கண்ணுக்குத் தெரிகிற கை என்று இருந்தது தலைவரின் மனைவியுடையதும் டாக்டருடையதும்தான்.

நாற்பது தலைகளும் மெல்ல டாக்டர் பக்கம் திரும்பின. இந்த ஆளின் ஷெட்டைப் பூட்டிவிட்டால் நாளைக்குத் திருப்புளி யார் கையில் வந்து நிற்கும் என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது.

"விதி கிடக்குது," என்றார் செயலாளர் அவசரமாக. "டாக்டர் மேல இருக்கற தீர்மானத்த இப்பவே ரத்து பண்ணலாம்னு முன்மொழியறேன். அவர் குற்றமற்றவர்னு பதிவு பண்ணிடலாம். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் வெளியே வரவில்லை.

"கை வேணாம், வாயால சொல்லுங்க!" என்று கத்தினார் செயலாளர்.

"ரத்து!" என்று முற்றம் அதிர முழங்கினார்கள். அதில் மட்டும் ஒருவர் குரலும் குறையவில்லை. சங்கம் தொடங்கிய நாள் முதல் அவர்கள் பழக்கி வைத்திருந்த உறுப்பு அது ஒன்றுதான்.